மூவாயிரம் கலோரி

என்னுடைய நிறை அறுபத்து நான்கு கிலோ என்பது எங்கள் வகுப்பில் இருந்த முப்பது பிள்ளைகளுக்கும் தெரியும். நான் யாருக்கும் சொல்லவில்லை. மனைப்பொருளியல் படிப்பித்த ரீச்சர் ஒரு நாள் எங்கிருந்தோ தராசு ஒன்றை இரவல் வாங்கி வந்தார். எங்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருத்தியாக ஏற்றி, முள் நின்ற இடத்தை உரத்து வாசித்தார். ஒருத்தி அதைக் கரும்பலகையில் எழுதினாள். எனக்கு முதல் ஏறியவள் நாற்பத்திரண்டு. நான் ஏறியதும் ரீச்சர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டாம் தரமும் குனிந்து பார்த்தார். முதல் தரம் பார்த்ததை மன்னித்துவிட்டேன், இரண்டாம் தரம் பார்த்ததை இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. பின்வாங்கில் சிரிப்புக் கேட்டது. மணி அடிக்கும் வரைக்கும் அந்த அறுபத்து நான்கு பலகையில் கிடந்தது.

அது எழுபத்தெட்டாம் ஆண்டு. எனக்குப் பதினேழு வயது. யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு இரணைமடுக் குளத்து வாய்க்கால் பாயும் பக்கம். குடியேற்றத் திட்டத்தில் அப்பாவுக்கு வயற்காணி கிடைத்து, நான் பிறப்பதற்கு முன்பே யாழ்ப்பாணத்தை விட்டு அங்கே வந்துவிட்டார்கள். ஆகவே நான் வயல்காரன் மகள். சோற்றுக்குப் பஞ்சமில்லாத வீட்டுப் பிள்ளை என்பதை என் உடம்பே சொல்லும்.

தராசு வந்த அடுத்த கிழமை ரீச்சர் உணவுகளின் கலோரி அட்டவணையைத் தந்தார். மற்றவர்களுக்கு அது பரீட்சைக்குப் பாடமாக்க வேண்டிய இரண்டு பக்கம். நான் தேவாரத்தைக்கூட அப்படிப் பாடமாக்கியதில்லை. மாச்சத்து ஒரு கிராமுக்கு நாலு, புரதத்துக்கு நாலு, கொழுப்புக்கு ஒன்பது. விடுதியில் காலைப் பாணில் பாதியைப் பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளிவிடுவேன். சம்பலில் தேங்காய்ப்பூ எத்தனை கரண்டி என்று பிரித்துப் பார்ப்பேன். பகலில் இப்படிப் பட்டினி கிடந்துவிட்டு, பின்னேரம் வீட்டிலிருந்து வந்த பணியாரப் பேணியைத் திறந்து நின்ற நிலையில் ஐந்து ஆறு என்று விழுங்குவேன். அவற்றை மட்டும் என் கலோரிக் கணக்குக் கொப்பியில் எழுதமாட்டேன். கொப்பி என்னவோ மிகவும் ஒழுங்காகத்தான் இருந்தது.

தீபாவளி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது அந்தக் கொப்பியும் கூட வந்தது. முதல் நாள் பின்னேரமே குசினிக்குள் போய், அம்மாவின் சோற்று அகப்பையால் பச்சைத் தண்ணீரை அள்ளி அளவுப் பேணிக்குள் ஊற்றிப் பார்த்தேன்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?" என்றார் அம்மா.

"பாடத்துக்கு அம்மா."

அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அகப்பையையும் அளந்து படிக்கிற அளவுக்குத் தன் மகள் படித்துவிட்டாள் என்று பக்கத்துக் காணிக்காரிக்கும் சொன்னார். நான் கண்டுபிடித்தது இதுதான்: அம்மா குவித்து அள்ளும் அகப்பை ஒன்றுக்குச் சோறு நூற்றைம்பது கலோரி.

எங்கள் காணியின் வாய்க்கால் ஓரத்தில் ஒரு குடும்பம் கொட்டில் போட்டு இருந்தது. புருஷன், பெண்சாதி, ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. முந்திய ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து அறையை விட்டு, உடுத்த உடுப்போடு வந்தவர்கள். அப்பா அந்தத் துண்டு நிலத்தைக் காட்டிவிட்டார். எங்கள் வயலிலும் அயல் வயல்களிலும் இருவரும் வேலை செய்தார்கள். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்காது. அம்மா அவரைப் 'பிள்ளை' என்று கூப்பிடுவார். நான் 'அக்கா' என்று கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிட்டதில்லை. எனக்குத் தேவைப்பட்டால் "இஞ்ச பாருங்கோ" என்பேன். அவர் என்னைப் 'பாப்பா' என்பார்.

எங்களுக்குப் பொங்கலும் வருசப்பிறப்பும்தான் பெரிது. தோட்டத்து ஆட்களுக்குத் தீபாவளி என்றால் அதற்குமேல் ஒரு நாள் இல்லை. முந்திய தீபாவளிக்கு அவர்கள் வந்து இரண்டு மாதமோ மூன்று மாதமோ, யாருக்கும் கொண்டாடும் மனம் இருக்கவில்லை. அதனால் இந்த முறை அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "தீபாவளியண்டு நீ உலை வைக்கக் கூடாது பிள்ளை. மூண்டு பேரும் இஞ்சதான்." அப்பா அயலவர்களோடு சேர்ந்து ஒரு கிடாய்க்குப் பங்கு போட்டிருந்தார். விடியற்காலையில் பங்கு இறைச்சி பனையோலைக் குடலையில் வந்து சேர்ந்தது. அந்தப் பெண்ணும் விடியவே வந்து, அம்மாவோடு குந்தியிருந்து வெங்காயம் உரித்து, தேங்காய் துருவி, மத்தியானம் வரையில் அடுப்படியை விட்டு அசையவில்லை. நான் முழுகிப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, குசினிக்குப் போகவும் வரவும் பயற்றம்பணியாரம் ஆறு தின்றேன். எழுதவில்லை.

வழமையாக வேலைக்காரருக்கு முற்றத்தில்தான் பந்தி. அதை யாரும் சட்டமாகச் சொல்வதில்லை, அப்படித்தான் நடக்கும். அன்றைக்கு விடியத் தொடங்கிய மழை விடவேயில்லை. முற்றம் முழுக்கத் தண்ணீர். அப்பா எல்லோரையும் விறாந்தையில் இருக்கச் சொன்னார். சுவரோரம் நாங்கள், வாசல் பக்கம் அவர்கள். இரண்டு வரிசையும் முகம் பார்த்தபடி. எனக்கு நேர் எதிரே அந்தப் பெண்ணின் இலை. மழை பெய்திராவிட்டால் அந்த இலை என் கண்ணில் பட்டிருக்காது. மழையைக் குறை சொல்லித் தப்பப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் கண் வேறு எங்காவது பார்த்திருக்கலாம்தானே.

புழுங்கல் சோறு, ஆட்டிறைச்சிக் கறி, இரத்த வறை, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, பருப்பு, அப்பளம், மோர் மிளகாய், இரசம், கடைசிக்கு எருமைத் தயிரும் சீனியும். அம்மா பரிமாறினால் தெரியும். எங்கள் பக்கத்தில் சாப்பிடுகிறவர் "போதும் போதும்" என்று சொல்ல வேண்டும், பரிமாறுகிறவர் அதைக் காதில் வாங்காமல் போட வேண்டும். மூன்றாம் தரம் இலைக்கு மேல் இரண்டு கையையும் விரித்து மறைத்தால்தான் விடுவார்கள். சும்மா போதும் என்றால் அது இன்னும் கொஞ்சம் போடு என்றுதான் அர்த்தம். வருந்தி வருந்திப் போடாத வீட்டை, சாப்பிட்டுவிட்டு வெளியே போய்க் குறை சொல்லுவார்கள். இதெல்லாம் எங்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்காது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர் போதும் என்றே சொல்லவில்லை. அம்மா அகப்பையோடு வந்து நின்றால் தலையைக் குனிந்து, விழுந்த சோற்றைப் பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். இலை வெறுமையானால் அம்மாவுக்குச் சும்மா இருக்க முடியுமா? திரும்பவும் போட்டார். திரும்பவும் இலை துடைத்தாற்போல் ஆனது. அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வடிவாச் சாப்பிடு பிள்ளை," என்று சொல்லிச் சொல்லிப் போட்டார்.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாம் அகப்பை நானூற்றைம்பது. ஆறாவது தொளாயிரம். இறைச்சிக் கறிக்குத் தேங்காய்ப்பால் சேர்த்து ஒரு தொகை, பொரித்த கத்தரிக்காய்க்கு எண்ணெய் சேர்த்து ஒரு தொகை. என்னுடைய இலையில் ஒரே ஒரு அகப்பை சோறு, அதையும் நான்கு மூலைக்கும் பரப்பிவிட்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்வதானால் பொறாமை. அவருடைய மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. கழுத்துக் குழியில் ஒரு கை தண்ணீர் தேங்கும். பத்து அகப்பை சாப்பிட்டும் ஒருத்தி இப்படி இருக்கிறாள், நான் பட்டினி கிடந்தும் இப்படி இருக்கிறேனே என்று நினைத்தேன். அவர் மற்ற நாட்களில் என்ன சாப்பிடுகிறார் என்ற கேள்வி என் கணக்கில் இல்லை. பக்கத்தில் இருந்த அவருடைய புருஷன் எவ்வளவு சாப்பிட்டார் என்றும் நான் எண்ணவில்லை.

அந்த நேரம் பார்த்து மாமா வாயைத் திறந்தார். அம்மாவின் தம்பி, வவுனியாவில் கிளாக்கர். தீபாவளிக்கு வந்திருந்தார். யாரையாவது பகிடி பண்ணாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"என்ன பிள்ளை, ஒரு அகப்பையோட ஓய்ஞ்சிட்டாய்? அப்ப உந்த உடம்பு காத்துக் குடிச்சோ வளருது?"

அப்பாவும் சிரித்தார். எதிர் வரிசையிலும் அந்தப் பெண்ணின் புருஷன் சிரிப்பை அடக்கக் குனிந்ததைக் கண்டேன். கரும்பலகையில் கிடந்த அறுபத்து நான்கு என் கண்ணுக்குள் வந்தது. என்னைப் பார்க்கிற கண்களை எப்படியாவது வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்பது ஒன்றே என் நினைப்பு.

"நான் அறுநூறோட நிப்பாட்டிட்டன் மாமா," என்றேன். "என்னை ஏன் பார்க்கிறியள், எதிர்ப்பக்கம் பாருங்கோவன். அவ மூவாயிரத்தைத் தொட்டிட்டா."

"என்ன மூவாயிரம்?"

"கலோரி. அகப்பைக்கு நூற்றைம்பது. நான் எண்ணினனான்."

எல்லாக் கண்களும் திரும்பின. நான் கேட்டது கிடைத்தது. மாமா தொடையில் தட்டி, "மூவாயிரமோ? அப்ப இண்டைக்கு வன்னியில முதல் பரிசு அவவுக்குத்தான்," என்றார். மழைச் சத்தத்துக்கு மேல் சிரிப்புக் கேட்டது. அந்தப் பெண் முதலில் தானும் சிரித்தார், என்ன விடயம் என்று விளங்காமல். பிறகு என்னைப் பார்த்தார். கையில் உருட்டிய கவளம் அப்படியே இருந்தது.

"கூடவா தின்னுட்டேன் பாப்பா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பகிடிக்குச் சொன்னேன் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் ரீச்சரின் குரலில், "ஒரு பொம்பிளைக்கு ஒரு நாளைக்கு இரண்டாயிரம் காணும்," என்றேன்.

அம்மா தயிர்ச் சட்டியோடு அவரிடம் வந்திருந்தார். கரண்டியைச் சரித்துவிட்டார். அந்தப் பெண் சட்டென்று இடது கையை இலைக்கு மேல் நீட்டினார். தயிர் அவருடைய புறங்கையில் விழுந்து விரல்களுக்கிடையால் வழிந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, வாயில் இருந்ததை மெல்லாமல் வைத்துக்கொண்டிருந்தது. புருஷன் நிமிரவேயில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

பந்தி முடிந்து அவர் எல்லாப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். அம்மா கட்டிக் கொடுத்த பலகாரப் பொட்டலத்தில் ஒரு முறுக்கை எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் திரும்ப வைத்துவிட்டார். "வவுறு ரொம்பிப்போச்சும்மா," என்றார். அவர் போனதும் அம்மா குசினிக்குள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சாப்பிடுறவையின்ர இலையை எண்ணுறதோ நீ படிக்கிற படிப்பு?"

"நான் பொய் சொல்லேல்லையே அம்மா."

"வாயை மூடு."

அதோடு அம்மா அதை விட்டுவிட்டார். மாமா விடவில்லை. அடுத்த நாள் காலையில் அந்தப் பெண் மண்வெட்டியோடு முற்றத்தால் போக, "மூவாயிரம் போறா," என்றார். அவருக்கும் கேட்டிருக்கும். கேட்காதது மாதிரிப் போனார். நான் அறைக்குள் நின்று சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். உடம்பு கூசியது.

ஏதோ ஒரு வீம்பில்தான் புத்தகத்தை எடுத்தேன். நான் சொன்னது சரி என்று எனக்கே காட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. அட்டவணையின் பின்பக்கத்தில் இன்னொரு சின்ன அட்டவணை இருந்தது. அது பரீட்சைக்கு வராது என்று ரீச்சர் சொன்னதால் நான் வாசிக்கவேயில்லை. இருந்த இடத்தில் வேலை செய்யும் பெண், நடுத்தர வேலை செய்யும் பெண், கடின வேலை செய்யும் பெண் என்று மூன்று வரி. இரண்டாயிரம் என்பது முதல் வரி. அது என்னுடைய வரி. மூன்றாம் வரிக்கு நேரே மூவாயிரம் என்று போட்டிருந்தது. ஒரு நாளைக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு நாளைக்கும்.

புத்தகத்தை மூடினேன். முழங்காலளவு சேற்றில் நாள் முழுக்க நிற்கும் ஒருத்தி வருடத்தில் ஒரு நாள், ஒரேயொரு நாள், தனக்கு வேண்டிய அளவு சாப்பிட்டாள். அதைத்தான் நான் ஊர் கூட்டிச் சொல்லியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அதில் பாதி என்னை நினைத்து வந்த அழுகை என்பதும் தெரியும்.

அன்று பின்னேரம் மழை விட்டதும் வாய்க்கால் ஓரமாகக் கொட்டிலுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பது என்று முடிவெடுத்திருந்தேன். அதற்கு முன் நான் அந்தக் கொட்டிலுக்குள் கால் வைத்ததில்லை. மண்சுவர், இலுக்குப் புல் வேய்ந்த கூரை, மெழுகிய தரை. அவர் அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழுந்து, ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் துணி விரித்தார்.

"உக்காருங்க பாப்பா. அம்மா கூப்புட்டாங்களா?"

"இல்லை. நான் சும்மாதான் வந்தனான்."

அவர் ஒரு ரொட்டியும் சம்பலும் தட்டில் வைத்து நீட்டினார். எங்கள் வீட்டு ஆட்கள் அப்படியான இடங்களில் கை நனைப்பதில்லை. அதுவும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று. "வேண்டாம்" என்றேன்.

"சாப்புடுங்க பாப்பா. இங்க யாரும் எண்ண மாட்டோம்."

குத்திச் சொல்லவில்லை. குத்திச் சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அவர் சிரித்துக்கொண்டே, வந்த பிள்ளையின் கூச்சத்தைப் போக்கத்தான் சொன்னார். நான் தட்டை வாங்கினேன். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றபடி, "நேற்று நான் சொன்னது பிழை," என்றேன். "புத்தகத்தில வடிவாப் பார்க்கேல்லை. உங்களுக்கு அவ்வளவு வேணும். நீங்கள் சாப்பிட்டது சரிதான்."

சொல்லும்போதே அது மன்னிப்பு மாதிரி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. சாப்பிட அனுமதி கொடுப்பது மாதிரி இருந்தது. நேற்று அதிகம் என்றவள் இன்றைக்குச் சரி என்கிறாள். இரண்டையும் சொல்ல நான் யார்?

"அட போங்க பாப்பா," என்றார். "பெரியவங்க போடுறப்ப வேணாங்கப்படாதுன்னு எங்கம்மா சொல்லும். தின்ன முடியாமத்தான் தின்னேன். கையை நீட்டி மறைச்சா அம்மா கோவிச்சுக்குவாங்களோன்னு பயம். இப்பதானே தெரியுது, இங்க அதான் மரியாதைன்னு."

அவர் என் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து இருந்தார். குழந்தை அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ரொட்டியைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தது.

"அந்தப் பொஸ்தகத்துல புள்ளைகளுக்கும் போட்டிருக்கா பாப்பா? இவளுக்கு எம்புட்டுக் குடுக்கணும்னு?"

இந்த இடத்தைப் பற்றித்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. தீபாவளிப் பந்தியைப் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன், சின்ன வயதுக் குறும்பு என்று சிரிக்கவும் வைத்திருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. கூனிக் குறுகி இருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒருவர் என்னிடம் அறிவு கேட்கிறார். குழந்தைகளுக்கான வரி புத்தகத்தில் இருந்ததா இல்லையா என்றுகூட எனக்கு நினைவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அதோடு வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்ற அவசரம் வேறு.

"சின்னப் பிள்ளைதானே," என்றேன். "ஒரு அகப்பை சோறு காணும்."

அவர் கவனமாகத் தலையாட்டினார். டொக்டர் சொன்னதைக் கேட்டுக்கொள்வது மாதிரிக் கேட்டுக்கொண்டார். நான் தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். வாய்க்கால் ஓரம் வரும்போது மனம் இலேசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டது நினைவிருக்கிறது. மறுநாள் விடுதிக்குப் போய்விட்டேன்.

பொங்கலுக்குத்தான் மறுபடியும் வந்தேன். வந்த அன்றைக்கே அம்மா சொன்னார், அந்தப் பெண் இப்போது வேலை நாட்களில் எங்கள் வீட்டில்தான் மத்தியானம் சாப்பிடுகிறாராம், ஆனால் இரண்டாம் தரம் போட விடுவதில்லையாம். போட்டதும் கையை விரித்துவிடுகிறாராம். "எங்கட பழக்கம் பிடிபட்டிட்டுது அவவுக்கு," என்றார் அம்மா. "மரியாதை தெரிஞ்ச பிள்ளை." அம்மா தீபாவளியை மறந்தே போயிருந்தார். நான் மறக்கவில்லை. ஏன் என்று அம்மாவிடம் சொல்லலாம் என்று இரண்டு தரம் குசினி வாசல் வரை போனேன். இரண்டு தரமும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

பொங்கல் அன்று வெயில் எறித்தது. வேலை செய்கிறவர்களுக்கு முற்றத்தில் பந்தி. வளர்ந்த பிள்ளை என்று சோறு பரிமாறும் வேலையை அம்மா என்னிடம் தந்தார். முதல் சுற்றுப் போட்டேன். இரண்டாம் சுற்று வரும்போது மாமா விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அந்தப் பெண்ணின் முன்னால் குனிந்தேன். கை இலைக்கு மேல் வந்தது. தீபாவளிக்குப் பார்த்ததைவிட அந்தக் கை இன்னும் காய்ந்திருந்தது.

"இன்னும் கொஞ்சம்," என்றேன்.

"போதும் பாப்பா."

நான் விடக்கூடாது. மூன்று தரம் வருந்த வேண்டும், அதுதான் எங்கள் வீட்டு வழக்கம், என் அம்மா யாருக்கும் அதற்குக் குறைத்ததில்லை. அகப்பை என் கையில் இருந்தது. மாமாவின் வாயோரம் சிரிப்புக்குத் தயாராக இருந்தது. நான் இன்னொரு தரம் சொன்னால் அவர் மூவாயிரம் என்பார், அதைச் சொன்னது யார் என்று எல்லோருக்கும் நினைவு வரும். நான் அகப்பையைச் சோற்றுச் சட்டிக்குள் திரும்ப வைத்தேன்.

பக்கத்து இலை குழந்தையுடையது. முதல் சுற்றில் போட்ட ஒரு அகப்பை முடிந்து, இலையில் ஒரு பருக்கையும் இல்லை. அது என் கையில் இருந்த சோற்றைப் பார்த்தது. பிறகு தாயைப் பார்த்தது. தாய் இலேசாகத் தலையாட்டினார். உடனே அதுவும் தன் இரண்டு கையையும் இலைக்கு மேல் விரித்து வைத்தது.

அந்தக் கைகள் இலையின் கால்வாசியைக்கூட மறைக்கவில்லை. அவற்றைத் தொடாமலே நான் இரண்டு அகப்பை போட்டிருக்கலாம். நான் அடுத்த இலைக்குப் போனேன்.